நூற்று ஐம்பத்தெட்டு

தொண்ணூற்றேழு டிகிரி என்கிறது திரை.
ஜன்னலுக்கு வெளியே ரிகா, மைனஸ் பதினொன்று.
நடுவில் நான், ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றிக்கொண்டு
வௌவால்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதுதான் என் வேலை.
கோடையில் ஏரிக்கரையில் யாரோ பதிந்துவந்த கீச்சுகளைப்
பத்து மடங்கு மெதுவாக்கி,
இது நீர்வௌவால், இது வேறு, இது வெறும் வெட்டுக்கிளி
என்று பெயர் வைப்பது.
ஒரு வாரமாக எல்லா வௌவாலுக்குப் பின்னாலும்
ஒரு விசிறி பறக்கிறது.

அர்வில்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தான்.
அலுமினியத் தகடுகளுக்கிடையில் சாம்பல்நிறக் கம்பளி;
ஒரு குழந்தைக்குக் காலுறை பின்னலாம்.
"இது உன் கணினி இல்லை, ட்ஸிட்ரா.
பிரென்சிஸின் படுக்கை."
பெட்டியின் தலைமேல் படுத்தபடியே
பிரென்சிஸ் வாலை ஒருமுறை அசைத்தது.

ஊதினோம். தூரிகையால் வாரினோம்.
அச்சு தேய்ந்த விசிறி மட்டும் இருமலை விடவில்லை.
சரி, வேறு வாங்க வேண்டியதுதான்.

முதலில் தண்ணீர்க் குழாய் வைத்தது ஒன்று.
அழகாகத்தான் இருந்தது.
மேல்மாடிக் குளியலறை ஒழுகி
எங்கள் கூரையில் வரைந்திருக்கும் பழுப்புத் தீவுகளை
அண்ணாந்து பார்த்தேன்.
பட்டியலில் அடித்தேன்.

அடுத்தது தட்டை. குட்டை உருவம், பெரிய வாய்.
வௌவால் ஒருபோதும் கேட்காது.

அடுத்தது கோபுரம். ஆறு செம்புக் குழாய்கள், கறுப்பு,
உயரம் நூற்று அறுபது மில்லிமீட்டர்.
பெட்டிக்குள் ஸ்கேலை விட்டேன்:
நூற்று ஐம்பத்தெட்டு.
மறுபடி விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.
தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
இங்கே வெள்ளமே இரண்டு மில்லிமீட்டர்.

"பக்கக் கதவைத் திறந்தே வைத்துவிடேன்" என்றான் அர்வில்ஸ்.
பிரென்சிஸ் ஒரு கண்ணைத் திறந்தது.
வேண்டாம்.

விரலுக்கேற்ற வீக்கமாக
நூற்று முப்பத்தாறில் ஒன்று, பழையது, பத்தொன்பது யூரோ.
இரண்டு பஸ் மாறி இமாந்தா போனேன்.
காலுறையோடு வாசலில் நின்றார் தாலிவால்டிஸ்.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.
"சத்தமே இல்லை."
நல்லதுதானே?
"ஓடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்க வேண்டியிருக்கிறது."
திருகுகளைத் தீப்பெட்டியில் போட்டுத் தந்தார்.
எண்ணினேன், ஒன்று குறைந்தது.
தன் ரேடியோவின் முதுகிலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பழையதைத் தூக்கினேன்.
பசை காய்ந்து இறுகியிருந்தது.
கொஞ்சம் சூடேற்றி, மெல்லத் திருகி, அப்புறம்தான் எடுக்க வேண்டுமாம்.
எனக்கு யார் சொன்னார்கள்?
பிராசஸரும் கூடவே வந்துவிட்டது,
பாத்தியிலிருந்து பிடுங்கிய கீரைபோல,
ஆயிரத்துச் சொச்சம் தங்க வேர்கள் அந்தரத்தில்.
மூலையில் மூன்று வளைந்திருந்தன.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.
அர்வில்ஸ் குறுக்கெழுத்துப் போடும் பென்சில்,
அரை மில்லிமீட்டர் முனை, உள்ளே ஈயம் இல்லாமல்.
ஒவ்வோர் ஊசியையும் அதற்குள் நுழைத்து நிமிர்த்த வேண்டும்.
அவன் டார்ச்சைப் பிடித்தான். கை ஆடவில்லை.
திட்டவும் இல்லை. நல்லவேளை.

பிறகு பசை.
அரிசிமணி அளவா, பட்டாணி அளவா?
கால்மணி நேரம் வாதாடினோம்.
கையிலிருந்த குழாய் தும்மி,
பட்டாணி என்று அதுவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
தாலிவால்டிஸ்போல எழுந்து பார்த்தேன்: சுற்றுகிறது.
அறுபத்தொன்று.

ஹெட்போனை மாட்டினேன். ஜூலை மாத ஏரி.
நீருக்கு ஒரு சாண் மேலே ஒன்று பறக்கிறது,
டிக், டிக், டிக், பூச்சி கிட்டியதும் துணி கிழிவதுபோல ஒரு விரைவு.
அதற்கும் பின்னால்
இத்தனை நாள் விசிறிக்குள் ஒளிந்திருந்த,
பதிவு செய்தவரின் சாவிக்கொத்து,
பத்து மடங்கு மெதுவாக,
தேவாலய மணியாக.

பிரென்சிஸ் பெட்டிமேல் ஏறியது.
ஒரு பாதத்தைத் தகட்டில் வைத்தது. மற்றதையும் வைத்தது.
என்னை ஒரு பார்வை பார்த்தது.
இறங்கிப் போய்
மோடத்தை வயிற்றுக்கடியில் அணைத்துச் சுருண்டது.

மோடத்தில் விசிறி இல்லை.
துளைகள் இருக்கின்றன.